சீத்தாக்கொட்டைப் பொடி

என் தங்கையின் இடது கண் பேனால் போனது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பேன் என்றாலே சிரிப்பு வரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பேன் முதலில் என் தலையில்தான் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறையில் அரக்கோணத்தில் மூன்று நாள் சபைக்கூட்டம் நடந்தது. பந்தலுக்குள் பாய் விரித்து, எங்கெங்கிருந்தோ வந்த பெண்பிள்ளைகளெல்லாம் தலையோடு தலை முட்டிக்கொண்டு படுத்தோம். பகலெல்லாம் பாட்டும் பிரசங்கமும். நாங்கள் தூங்கியபின் பேன்கள் தலைக்குத் தலை ஊழியம் போய்வந்திருக்கின்றன. வீடு திரும்பிய இரண்டாம் வாரம் எனக்கு அரிக்க ஆரம்பித்தது. என்னோடு ஒரே பாயில் படுக்கும் தங்கைக்கு மூன்றாம் வாரம். அவளுக்கு ஆறு வயது.

"ஜெபக்கூட்டத்துல எங்கனா பேனு புடிக்குமாடி? பொய் சொல்லாத" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் திருத்தணி மலைக்கு வந்த கூட்டம் கொண்டுவந்த பேன். கிருத்திகைக்கு இரண்டு மாதம் முன்பே நான் பரட் பரட்டென்று சொறிந்துகொண்டிருந்ததை அவளே பார்த்தவள்தான். ஆனாலும் சாகும்வரை அந்தப் பேச்சை மாற்றவில்லை. சுத்தம் என்பது அம்மாவுக்கு வேதத்தில் எழுதாமல் விட்டுப்போன பதினோராவது கட்டளை. எங்கள் ஜனத்தின் தலையில் பேன் பிறக்காது, வெளியிலிருந்து ஏறினால்தான் உண்டு என்று மனசார நம்பினாள்.

அப்பா உபதேசியார். போதகருக்கு அடுத்த படி. சைக்கிளில் மணவூர், திருவாலங்காடு பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ஜெபம் நடத்தி, படிக்கத் தெரியாதவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி, இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்துத் திரும்புவார். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடு அந்த வேலைக்காகக் கொடுத்தது. வேலை போனால் வீடும் போகும். இதை அம்மா வாரத்துக்கு ஒரு தரமாவது எங்களுக்கு ஞாபகப்படுத்துவாள்.

எங்கள் ஊரில் மொட்டைத்தலை அதிசயமில்லை. பஸ்ஸில், ரயிலில், டீக்கடை பெஞ்சில், எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டை. ஆண், பெண், கைக்குழந்தை என்ற பேதமே கிடையாது. வெளியூரில் ஒரு மொட்டையைப் பார்த்தால் காய்ச்சலா, சாவா, வேறு ஏதாவதா என்று நாலு விதமாக யோசிப்பார்கள். திருத்தணியில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மலைமேல் இருப்பவனுக்கு வேண்டுதல். மலையில் இறக்குகிற அத்தனை முடியோடும் போகிற பேன்கள் யாருக்குக் காணிக்கை என்று ஞாயிறு வகுப்பில் ஒருமுறை கேட்டேன். வகுப்பு முடியும்வரை முழங்கால் போட்டு நின்றேன்.

அந்த வருஷம் தை மாதம் சபையில் ஒரு சங்கதி நடந்திருந்தது. மணவூர்ப் பக்கத்தில் புதிதாக ஞானஸ்நானம் வாங்கிய ஒரு குடும்பம். அவர்களுடைய குழந்தை சாகக்கிடந்து பிழைத்தது. தாய்வழிச் சொந்தக்காரர்கள் அதை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் முடி இறக்கிவிட்டார்கள். சபைக் கமிட்டி கூடி, ஆறு மாதம் அந்தக் குடும்பத்துக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது என்று முடிவு செய்தது. அதை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிற வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. சொல்லிவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. அந்தக் குழந்தையின் மொட்டையைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டி வந்தது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அம்மா அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

பேன் சீப்பு போட்டு வாரினால் வெள்ளைத் துணியில் மிளகு கொட்டியது மாதிரி விழும். அம்மா இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் வாருவாள். ஆள் சத்தம் கேட்டால் துணியைச் சுருட்டிவிட்டு வேதப்புத்தகத்தை எடுத்து மடியில் வைப்பாள். வேப்பெண்ணெய் தடவினாள். நாங்கள் நாறினோம், பேன் நாறவில்லை. மண்ணெண்ணெய் தடவினாள். எனக்கு எரிந்தது, பிறகு தணிந்தது. தங்கைக்குத் தணியவில்லை. அவள் ஏற்கெனவே சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தாள். மண்ணெண்ணெய் பட்டதும் புண்ணெல்லாம் சீழ் பிடித்து, முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டது. காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. காய்ச்சல் வந்தது. ராத்திரி தூக்கத்தில்கூட அவள் கை தலையிலேயே இருக்கும்.

ஐப்பசியில் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் போனேன். நர்ஸ் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இன்னாம்மா இது, கொயந்த தலய இப்படி வுட்டு வெச்சிருக்கீங்க? புண்ணுக்கு மருந்து போட்டா மட்டும் நிக்காது. மொட்ட அடிச்சிடுங்க. நாலு நாள்ல ஆறிடும்."

"எங்க ஜனத்துல மொட்ட அடிக்கிற வழக்கம் இல்லீங்க" என்றாள் அம்மா.

"பேனு ஜனம் பாத்தா புடிக்குது? அடிங்கம்மா."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அம்மா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வழியில் மூன்று முடிதிருத்தும் கடைகளைத் தாண்டினோம். ஒவ்வொரு கடையையும் அம்மா திரும்பிப் பார்த்தாள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கால் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொல்வது போல் தனக்கே சொல்லிக்கொண்டாள். "மொட்டையோட இவ தெருவுல நடந்தா ஊரு இன்னா சொல்லும்? உபதேசியாரு பொண்ணு மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வந்துட்டான்னு சொல்லும். ஊருக்கு உபதேசம் பண்றவரு ஊட்லயே இப்டியான்னு கமிட்டி கேக்கும். உங்க நைனா இன்னா பதில் சொல்லுவாரு?"

"பேனுக்காகன்னு சொல்லலாமே" என்றேன்.

"பேனுன்னு சொல்றதுக்கா? அதுக்கு மலைக்குப் போனோம்னே சொல்லிடலாம்."

இன்றைக்கு யோசித்தால் அதில் இருந்த சிக்கல் புரிகிறது. ஒரு பக்கம் போனால் விக்கிரக ஆராதனைக்காரி, மறுபக்கம் போனால் அழுக்குக்காரி. இரண்டு அவமானமும் வேண்டாம் என்று அம்மா மூன்றாவது வழி தேடினாள். அப்பா அன்று கிராமத்தில் இருந்தார். அவர் வரட்டும், ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் மனசைக் கஷ்டப்படுத்தாமல் தானே முடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். இதைக் கெட்ட எண்ணம் என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் நெசவுக்காரர் வீடு. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் தறி வீட்டு அத்தை என்போம். அவளுக்குக் கை மருந்து தெரியும். தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும், குழந்தைக்கு மாந்தம் என்றாலும், முதலில் அவளிடம்தான் போவார்கள். அம்மாவுக்கும் அவளுக்கும் சுவருக்கு மேல் குழம்புக் கிண்ணம் கைமாறும் அளவுக்குப் பழக்கம். அத்தையின் மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே அம்மா என்னைக் கூப்பிட்டாள். "தறி வீட்டு அக்காகிட்ட போயி பேனுக்கு இன்னா போடறதுன்னு கேட்டுகினு வா. நமக்குன்னு மட்டும் சொல்லிடாத."

அத்தை ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே தறிச் சத்தம். பக்கத்தில் அவள் மகள் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் அத்தை ராட்டையை நிறுத்தாமலே "யாருக்கும்மா?" என்றாள்.

வேறு வீட்டுக்கு என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அவள் மகள் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாளோ என்னவோ. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். திங்கட்கிழமை வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

"நாய்க்கு" என்றேன். "சர்ச்சு வாசல்ல படுத்துகினு கெடக்குதே, அந்த நாய்க்கு. ஒடம்பு பூரா பேனு, உண்ணி."

அத்தை சிரித்தாள். "நாய்க்கு வைத்தியம் பாக்கறாங்களா உங்கம்மா? புண்ணியமாப் போவட்டும்" என்று எழுந்து, உள்ளே போய் ஒரு தகர டப்பாவிலிருந்து காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். சீத்தாப்பழக் கொட்டையைக் காயவைத்து இடித்த பொடி.

"தேங்கா எண்ணெயில கொழச்சி நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லு. ஒரு பகல் அப்படியே கெடக்கட்டும். சாயங்காலமா கழுவி வுடுங்க. நாயி நக்காம மட்டும் பாத்துக்கோ."

கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதையெல்லாம் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். யாராவது தன் தலையைத் தானே நக்குவார்களா? அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

"யாருக்குன்னு கேட்டாங்களா?"

"ஆங். வேற வீட்டுக்குன்னு சொன்னேன்."

"நல்லதாப் போச்சி" என்றாள் அம்மா.

தங்கைக்குத்தான் அதிகம் என்பதால் அவளுக்கு முதலில். கிணற்றடியில் உட்காரவைத்து, எண்ணெயில் குழைத்த பொடியை அடிமுடியெல்லாம் படும்படி தேய்த்து, பழைய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். தங்கை எரிகிறது என்று சிணுங்கினாள். எரிந்தால்தான் சாகும் என்று அம்மா சொன்னாள். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்னேன், பாட்டுப் பாடினேன். நடுப்பகலுக்கு மேல் அவள் கேவிக் கேவி அழ ஆரம்பித்ததால் சாயங்காலம்வரை வைக்காமல் கழுவிவிடலாம் என்று அம்மா வெந்நீர் வைத்தாள்.

தலைக்கு ஊற்றும்போது எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். தங்கையைக் குனியவைத்து, முடியை முன்பக்கம் தள்ளி, சீயக்காய் போட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றினாள் அம்மா. "அவ கையப் புடிச்சிக்கோ, கண்ணக் கசக்குவா" என்றாள். நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

முதல் சொம்புக்கே வீறிட்டாள். "சீயக்காதான்டி, கண்ண மூடிக்கோ" என்றாள் அம்மா. இரண்டாவது சொம்பு. மூன்றாவது சொம்பு. பொடியெல்லாம் போகவேண்டுமே என்று அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். தங்கை முகத்தைத் திருப்பப் பார்த்தாள், கையை உதறப் பார்த்தாள். நான் விடவில்லை. பலமாகப் பிடித்திருந்தேன். எத்தனை சொம்பு என்று தெரியாது. "யக்கா, வுடு யக்கா" என்று அவள் கத்தியது தெரியும். அந்தக் கத்தல் சீயக்காய்க்குக் கத்துகிற கத்தல் இல்லை என்று எனக்கு எந்தச் சொம்பில் புரிந்தது என்பதை நான் இதுவரை என்னிடமே ஒப்புக்கொண்டதில்லை. புரிந்தபிறகும் பிடித்திருந்தேன். அம்மா சொன்னதால்.

கையை விட்டபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி மூடிக்கொண்டிருந்தன. தரையில் புரண்டாள். சத்தம் கேட்டுத் தறி வீட்டு அத்தை பின்பக்கமாக ஓடிவந்தாள். கையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இன்னாம்மா ஆச்சி?" என்று தங்கையைத் தூக்கியவள், தலையை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "சீத்தாக்கொட்டையா? கொயந்தைக்கா போட்டீங்க? கண்ணக் கட்டலயா? தலைய பின்னால சாய்ச்சி இல்ல ஊத்தணும்? அர மணி நேரத்துக்கு மேல யாராச்சும் வெப்பாங்களா இத?"

"நீதானே ஒரு பகல் வெக்கச் சொல்லி அனுப்பின!" என்று அம்மா அலறினாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாய்க்கு என்று கேட்டாள் உன் மகள், இந்த ஒரு வாக்கியம் போதும். அதை அவள் சொல்லவில்லை. "தண்ணி கொண்டா, நல்ல தண்ணி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். தங்கையை மல்லாத்தி, இமையைப் பிரித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினாள். பிறகு அம்மாவுக்காகக் காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பின்னாலேயே அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். "என் கொயந்த கண்ண அவிச்சிட்டியே, பாவி" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினாள். நான் கிணற்றடியில் ஈரப்பாவாடையோடு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அம்மா தனியாகச் சென்னைக்குப் போனதே இல்லை. அப்பா வரட்டும் என்று இருந்தாள். அந்தத் தடவை அப்பா செவ்வாய்க்கிழமைதான் வந்தார். புதன்கிழமை காலை ரயிலில் எல்லாரும் போனோம்.

கண் ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை கொடுப்பதற்கு முன்னால் ஓர் ஆயா வந்து தங்கையின் தலையைப் பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கத்தரியால் கத்தரித்து, சவரக்கத்தியால் வழித்து, புண்ணுக்கு மருந்து தடவிவிட்டுப் போனாள். கால் மணி நேர வேலை. ஐந்து மாதம் எங்கள் வீட்டை ஆட்டிவைத்த சங்கதி ஒரு காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கூடையில் கிடந்தது. அம்மா அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளிடம் சொன்னார். "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. மயிருதானே."

அப்பா எங்களிடம் கடிந்து பேசியதாக எனக்கு நினைவில் இருப்பது அந்த ஒரே வாக்கியம்தான். அது கடிந்து பேசியதுகூட இல்லை.

வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் கருவிழியில் புண் விழுந்து, ஆறிய இடத்தில் வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினோம். ஒரு கண்ணில் கட்டு, தலை மொட்டை. படியேறப்போகிற கூட்டத்தில் பூக்கூடையோடு வந்த ஒரு பெண்மணி நின்று, தங்கையின் தலையைத் தடவினாள்.

"வேண்டுதலாம்மா? கவலப்படாத. அவன் பாத்துக்குவான், நல்லாயிடும்."

மற்ற நாளாக இருந்தால் அம்மா வேதவசனத்தாலேயே அவளை அடித்திருப்பாள். அன்று "ஆங்" என்றாள்.

அந்த ஞாயிறு சர்ச்சில் போதகர் அதே மொட்டைத்தலையில் கை வைத்து எல்லார் முன்னாலும் ஜெபித்தார். கமிட்டிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மலைக்குப் போனீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. திங்கட்கிழமை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு முடிதிருத்தும் கடைக்கு நடந்து போய் எனக்கும் மொட்டை அடித்துக் கூட்டிவந்தார். தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் வழக்கம்போல் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை.

போனது தறி வீட்டு அத்தையின் பெயர்தான். அம்மா சொல்லாத ஆளில்லை. சபையில் சொன்னாள், தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், மாவு மில்லில் சொன்னாள். "கை மருந்து கை மருந்துன்னு போனோம், கண்ணே போச்சி." தெருவில் எல்லாரும் அத்தையிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டார்கள். அவள் மகள் பெஞ்சில் வேறு இடம் மாறி உட்கார்ந்தாள். அவளுக்கும் உண்மை தெரியும். அவளும் பக்கத்தில் இருந்து கேட்டவள்தானே. அவள் வாயை அவள் அம்மா எப்படி அடைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் குழாயடியில் அத்தை தனியாக இருந்தாள். குடத்தோடு போன நான் திரும்பிவிடப் பார்த்தேன். கூப்பிட்டாள்.

"நாய்க்குன்னு ஏம்மா சொன்ன?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உங்கம்மா அப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அம்மா நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நமக்கென்று சொல்லாதே என்று மட்டும் சொன்னவள் மேல், நாயையும் ஏற்றி வைத்தேன்.

"செரி, போ" என்றாள் அத்தை. என் குடத்தை அவளே நிரப்பிக் கொடுத்தாள்.

தங்கை வளர்ந்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்று அம்மா எப்படிச் சொன்னாளோ அப்படியே நம்பி வளர்ந்தாள். ஆறு வயதில் அத்தை மடியில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டி விளையாடியவள், பத்து வயதில் அத்தையைக் கண்டால் எதிர்த் திசையில் போவாள். பள்ளியில் 'ஒண்டிக்கண்ணி' என்று யாராவது கூப்பிட்டுவிட்டால் வீட்டுக்கு வந்து பின்சுவரைப் பார்த்துக் கல் எறிவாள். அம்மா தடுக்கமாட்டாள். நான் உள்ளே போய்விடுவேன். எண்பதுகளில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டார்கள், பாட்டுப் பாடச் சொன்னார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். எனக்குக் கல்யாணமாகி நான் அரக்கோணம் வந்து இரண்டு பிள்ளை பெற்றாகிவிட்டது. அவள் வீட்டில் இருந்தாள். ஒவ்வொரு வீட்டார் போனபிறகும் கண்ணாடி முன்னால் நின்று இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தன்னைப் பார்ப்பாள். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும், அம்மா காலம் முடியட்டும் என்று சாக்கு மேல் சாக்கு வைத்துக்கொண்டே போனேன்.

அம்மா காலமும் முடிந்தது. மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். பெட்டியை முன்னறையில் வைத்திருந்தோம். சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது தறி வீட்டு அத்தை உள்ளே வந்தாள். முடியெல்லாம் நரைத்து, முதுகு கூனிப்போயிருந்தது. பதினாலு பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுப் படி ஏறாதவள், கையில் ஒரு மாலையோடு வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்தாள்.

"எங்க வந்தீங்க?" என்றாள். பாட்டு நின்றுவிட்டது. "இன்னொரு கண்ணு கீது, அதுக்கா?"

அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள், அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கிணற்றடியில் பார்த்த அதே பார்வையை எதிர்பார்த்து நான் கல்லாகிவிட்டேன். இது வேறு. கேட்கிற பார்வை. இப்போதாவது சொல்வாயா என்று கேட்டது. அம்மா பெட்டிக்குள் கிடந்தாள், அடிக்க யாருமில்லை. எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல். ஒரு வாக்கியம்தான்.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மாவுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"செரிம்மா, போறேன்" என்றாள் அத்தை. மாலையை என் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். யாரோ மறுபடி பாட்டை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன சாயங்காலம், தங்கையும் நானும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சோறு பிசைந்து கொடுத்தேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யக்கா, அந்தம்மாவ நான் அப்படிப் பேசினது தப்பா? வயசானவங்க. முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி."

அவளே கதவைத் திறந்துவிட்டாள். நான் நுழைந்தால் போதும்.

"இல்லடி" என்றேன். "நீ பேசினது சரிதான். சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள்.